டயரைப் படிக்கத் தெரிஞ்சுக்குவோம்! காற்றைச் சரியா வைப்போம்!



நம் இதழில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், ரத்தசோகை, பெண் குழந்தைகள் படிப்பு என்று எவ்வளவோ விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் வண்டி டயரைப் பற்றிப் பேசலாம். "டயரா? அது டிரைவர் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். வண்டியை ஓட்டுவது டிரைவர்தான். ஆனால் அதில் உட்கார்ந்து போவது நாமும் நம் பிள்ளைகளும். அதனால் நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

யோசித்துப் பாருங்கள். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு வேன் பேசுகிறோம். ஆடி மாதம் மேல்மருவத்தூருக்குப் போகிறோம். கல்யாணம், வளைகாப்பு, சாவு என்றால் ஊரே ஒரு வண்டியில் ஏறுகிறது. பிள்ளைகள் தினமும் ஸ்கூல் வேனில் போகிறார்கள். விளைந்த கத்தரிக்காயும் மணிலாவும் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டியை நாம் அப்படித்தானே சொல்கிறோம்) மார்க்கெட்டுக்குப் போகிறது. குழுக் கடனில் ஆட்டோவோ சுமை வண்டியோ வாங்கிய குடும்பங்களும் உண்டு. 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று ஸ்கூட்டர் வாங்கிய பெண்களும் உண்டு.

நம்ம பகுதிக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. சென்னையிலிருந்து வரும் ரோடு திண்டிவனத்தில்தான் புதுச்சேரிக்கும், விழுப்புரத்துக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிகிறது. ஊர் ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து வந்த வண்டி, நாற்கர சாலையில் ஏறியதும் 80, 90 என்று பறக்கிறது. ஊருக்குள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த பழைய டயருக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

வண்டியின் எடையைத் தாங்குவது எது?

ரப்பர் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் எடையின் பெரும் பங்கைத் தாங்குவது உள்ளே அடைத்திருக்கும் காற்று. காற்று இறங்கிய டயர் சப்பையாக உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோமே! ரப்பர், நூல், கம்பி எல்லாம் சேர்ந்து அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மாதிரி. ஒவ்வொரு டயரும் ரோட்டில் படுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். ஒரு கார் நாலு உள்ளங்கை அளவு இடத்தில்தான் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

டயர் நமக்குத் தூரத்துப் பொருளும் அல்ல. எம்.ஆர்.எப். கம்பெனி 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்ன கொட்டகையாகத் தொடங்கியது. இப்போது அதன் தொழிற்சாலைகளில் ஒன்று நம் பக்கத்திலேயே, புதுச்சேரி நெட்டப்பாக்கத்தை அடுத்த ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது.

டயரில் என்ன எழுதியிருக்கு?

டயரின் பக்கச் சுவரில் மேடாக எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கிலம் படிக்க வராதவர்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாடகைக்கு ஓடும் பல கார்களில் இருக்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்.

165/80 ஆர் 14 85 டி

• 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
• 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். அதாவது 132 மில்லிமீட்டர்.
• ஆர் என்றால் ரேடியல் டயர். இந்த இடத்தில் எழுத்து இல்லாமல் வெறும் கோடு (-) இருந்தால் பழைய முறை நைலான் டயர். ஒரே வண்டியில் இரண்டையும் கலந்து போடக் கூடாது.
• 14 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில்.
• 85 என்பது சுமைக் குறியீடு. இது கிலோ கிடையாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம்.
• டி என்பது வேகக் குறியீடு. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை.

இந்த 515 கிலோவைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். நாலு டயருக்கு 2,060 கிலோ. "அப்படின்னா இன்னும் பத்து பேரை ஏத்தலாமே" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கணக்கில் வண்டியின் சொந்த எடையும் சேர்ந்தது. எடை நாலு டயருக்கும் சமமாகவும் விழாது. அதைவிட முக்கியம், டயரில் காற்று சரியாக இருந்தால்தான் அந்த 515 கிலோ. காற்று குறைந்தால் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும். எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்க்க வேண்டும், டயரில் பார்க்கக் கூடாது.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் உங்கள் டயரையும் பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் 90/100-10 53 ஜே என்று இருக்கும். அகலம் 90 மில்லிமீட்டர், ரிம் 10 அங்குலம், தாங்கும் எடை 206 கிலோ, வேகம் 100 கிலோமீட்டர் வரை. ஆட்டோ, சுமை வண்டி டயர்களில் 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்று இருக்கும். இந்த எண் கூடக் கூட டயரின் உறுதியும் கூடும். 8 பி.ஆர். போட வேண்டிய வண்டிக்கு, விலை குறைவு என்று 6 பி.ஆர். போட்டால் ஆபத்து.

இவற்றோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் வண்டி டயர்களுக்கு அது கட்டாயம்.

டயரின் வயசு

பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிறோம் இல்லையா? டயருக்கும் தேதி உண்டு. பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். ஒரு பக்கம் தெரியாவிட்டால் மறு பக்கம் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம்.

ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும். வெயிலில் நின்றே விரிசல் விடும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது. பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். கடையில் "புது டயர்" என்று கொடுத்தாலும் இந்த நாலு எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். ஓடாத டயர் என்பதால் அதை யாரும் கவனிப்பதே இல்லை.

பட்டன் தேய்ந்தால் என்ன ஆகும்?

பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் அழகுக்காக வைத்தது அல்ல. மழையில் ரோட்டில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் வெளியே போகும். பள்ளம் இல்லாத மொட்டை டயர் தண்ணீர் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் போட்டாலும் நிற்காது.

கார், வேன்களுக்குப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அளவுகோல் தேவையில்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். அது இருக்கும் இடத்தைக் காட்ட டயர் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ முக்கோணமோ போட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதுபோன்ற மழைக்குப் பிறகு ரோடெல்லாம் பள்ளமாகிவிடும். பள்ளத்தில் விழுந்து எழுந்த டயரில் வெட்டு, விரிசல், கட்டி மாதிரி புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரில் நெடுந்தூரம் போகவே கூடாது.

காற்று எவ்வளவு இருக்க வேண்டும்?

காற்றை பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்வார்கள். பஞ்சர் கடையில் "பவுண்டு" என்றோ "பாயிண்ட்" என்றோ சொல்வதும் அதுதான். பல சிறிய கார்களுக்கு 30 முதல் 35 வரை வரும். ஆனால் வண்டிக்கு வண்டி மாறும். சுமை வண்டிகளில் முன் டயருக்கு ஒரு அளவு, பின் டயருக்கு அதைவிட அதிக அளவு இருக்கும்.

சரியான அளவை எங்கே பார்ப்பது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அந்த நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். ஆட்டோ, ஸ்கூட்டருக்கு வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். ஆள் குறைவாகப் போனால் எவ்வளவு, முழுச் சுமையோடு போனால் எவ்வளவு என்று இரண்டு அளவும் போட்டிருப்பார்கள். கோயிலுக்குக் கூட்டமாகப் போகும்போது முழுச் சுமைக்கான அளவை வைக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். டயரின் மேலேயே ஒரு காற்று அளவு எழுதியிருக்கும். அது அந்த டயரின் உச்ச வரம்பு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது. வண்டிக் கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் கணக்கு.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்கலாமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கத்திரி வெயில் வந்தால் "சூட்டுல காத்து விரியும், டயர் வெடிச்சிடும், அஞ்சு பாயிண்ட் குறைச்சு வை" என்று சொல்பவர்கள் நிறைய பேர். கேட்பதற்குச் சரி மாதிரிதான் இருக்கும். சூட்டில் காற்று விரிவது உண்மை. ஓடும்போது நாலைந்து பாயிண்ட் ஏறுவது சகஜம். ஆனால் அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் டயரைச் செய்கிறார்கள். ஸ்டிக்கரில் இருக்கும் அளவும் அதை மனதில் வைத்துச் சொன்னதுதான்.

காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். அந்த இடம் சூடாகும், பிறகு ஒடிந்துவிடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவரும் இப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மேலே சொன்ன கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 510 முறை சுற்றும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருவதற்குள் ஏறக்குறைய 20 ஆயிரம் சுற்று! அத்தனை முறை மடங்கினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மேலே வெயில், கீழே கொதிக்கும் ரோடு, உள்ளே அளவுக்கு மீறிய ஆட்கள், வேகம் 90. கடைசியில் ரப்பர் அடுக்கு பிரிந்து டயர் வெடிக்கிறது. வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைத்தோம். அந்தக் குறைச்சலே டயரை வெடிக்க வைக்கிறது.

இது அமெரிக்காவில் பெரிய பாடமாக நடந்தது. போர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே மேல் அடுக்கு பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைக் கம்பெனி திரும்பப் பெற்றது. டயரின் தயாரிப்பில் குறை இருந்தது. அதோடு குறைந்த காற்று, வெயில், சுமை, வேகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்த வண்டிக்கு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று கார் கம்பெனி சொல்லியிருந்தது, டயர் கம்பெனி 30 வேண்டும் என்றது. நாலு பாயிண்ட்தான் வித்தியாசம்! அதன் பிறகு அங்கே சட்டம் போட்டு, காற்று குறைந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை விளக்கு எரியும் கருவியைப் புதிய கார்களில் கட்டாயமாக்கினார்கள்.

அதிகமாக அடித்தாலும் தப்புதான். டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். பிடிமானம் குறையும், பள்ளத்தில் விழுந்தால் டயர் சீக்கிரம் அடிபடும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

1. மாதம் ஒரு முறை கட்டாயம், நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். பஞ்சர் இல்லாவிட்டாலும் மாதம் ஒன்றிரண்டு பாயிண்ட் தானாகவே குறையும்.
2. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கணும், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓடியிருக்கணும். காலையில் பார்ப்பது உத்தமம்.
3. ஓடி வந்த சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் குறைந்துவிடும். சூட்டிலேயே குறைவாகக் காட்டினால் உடனே அடிக்க வேண்டும்.
4. காலால் உதைத்துப் பார்ப்பதும், கட்டையால் தட்டிப் பார்ப்பதும் போதாது. ரேடியல் டயர் எப்போதும் கொஞ்சம் புடைத்த மாதிரிதான் தெரியும். மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.
5. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும். தைரியமாகக் கேளுங்கள்.
6. வால்வுக்கு மூடி இருக்கட்டும். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

தேய்மானமும் நமக்குச் சேதி சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் நேர் அமைப்பு சரியில்லை, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கடன் வாங்கி வண்டி எடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு

நாலு டயர் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 40 பைசா செலவு. காற்றைக் கவனிக்காமல் 30,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டால் 53 பைசா. இதோடு எரிபொருளும் கூடக் குடிக்கும். காற்று குறைந்த சைக்கிளை மிதிப்பது எவ்வளவு கஷ்டம்? என்ஜினுக்கும் அதே கஷ்டம்தான். தவணை கட்ட வேண்டிய காசு ரோட்டில் தேய்ந்து போகிறது.

வண்டி பேசும்போது கேட்க வேண்டியவை

வாடகை பேசும்போதே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சண்டை போடுகிற மாதிரியும் கேட்க வேண்டாம். "தம்பி, இத்தனை பொம்பளைங்க குழந்தைங்கள கூட்டிட்டுப் போறோம். காத்து செக் பண்ணிட்டீங்களா? ஸ்டெப்னி நல்லா இருக்கா?" என்று அன்பாகக் கேட்டால் போதும். நல்ல டிரைவர் கோபப்பட மாட்டார். "புது டயர்தாங்க்கா" என்றால், "சந்தோஷம் தம்பி, ஒரு தடவை பாத்துக்கறோம்" என்று சொல்லி வண்டியைச் சுற்றி வாருங்கள்.

• நாலு டயரிலும் பட்டன் இருக்கிறதா?
• வெட்டு, புடைப்பு, விரிசல் இருக்கிறதா?
• தேதி எண் என்ன?
• ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா?
• ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் பேர் ஏறுகிறோமா?

கடைசிக் கேள்வி டிரைவருக்கு இல்லை, நமக்கு. ஆளுக்கு இருபது ரூபாய் மிச்சமாகும் என்று பன்னிரண்டு பேர் வண்டியில் இருபது பேரை ஏற்றுவது நாம்தான். அந்தச் சுமையை எந்த டயரும் மன்னிக்காது.

பள்ளி வாகனங்களுக்குத் தமிழக அரசு 2012இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பள்ளி திறக்கும் முன்பு அதிகாரிகள் ஆய்வும் செய்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு எப்போதோ ஒரு நாள், காற்றோ மாதா மாதம் இறங்கும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் "வேன் டயரை மாதம் ஒரு முறை யார் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். வாசலில் பிள்ளையை ஏற்றிவிடும்போது டயரையும் ஒரு பார்வை பாருங்கள்.

வழியில் டயர் வெடித்துவிட்டால்?

• ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டும். சடாரென்று பிரேக் போடக் கூடாது. வேகம் குறைந்ததும் ஓரம் கட்ட வேண்டும்.
• உள்ளே இருப்பவர்கள் டிரைவரைப் பிடித்து இழுக்கவோ கத்தவோ கூடாது. சீட் பெல்ட் இருந்தால் கிளம்பும்போதே போட்டிருக்க வேண்டும்.
• ஸ்டெப்னி மாற்றும்போது எல்லோரும் இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நிற்பதும், ரோட்டோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்பதும் வேண்டவே வேண்டாம். நின்ற வண்டி மீது வேறு வண்டி வந்து மோதினால் உயிர் போய்விடும்.
• தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

அடுத்த கூட்டத்தில் என்ன செய்யலாம்?

இதைக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து, தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியில் அளவு, தேதி, பட்டன் மூன்றையும் நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். கூட்டமைப்புப் பணத்தில் ஒரு காற்று மீட்டர் வாங்கி, ஆட்டோ, ஸ்கூட்டர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சில நூறு ரூபாய்தான் ஆகும். "இனி குழு சார்பில் வண்டி பேசினால் இரண்டு பேர் டயரைப் பார்த்த பிறகே ஏறுவோம், ஆர்.சி. அளவுக்கு மேல் ஆள் ஏற்ற மாட்டோம்" என்று ஒரு தீர்மானம் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

பாஸ் புத்தகத்தில் ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு, டயரில் நாலு எண்ணைப் படிப்பது பெரிய வேலையே இல்லை. அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கிளம்பும் குழுக்கள், காலையிலேயே டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போய்விட்டு பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.